கார் இல்லாமல் கல்லூரிக் காலம்: நகரத்துக்குள் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

படிப்புக்காகப் புது நகரத்துக்கு வந்து, சொந்தமாகக் காரோ பைக்கோ இல்லாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஸ், ரயில், சைக்கிள், நடை என்று எல்லாம் ஓரளவுக்காவது சாத்தியமான நகரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். முதலில் வாடகை குறைவான அறை, அப்புறம் ஒரு மாதப் பாஸ், அப்புறம் ஒரு பழைய சைக்கிள். வகுப்பு அட்டவணை கடைசியில்தான் கைக்கு வருகிறது. காலை எட்டு மணிக்கு லேப் இருப்பதும், அந்த நேரத்துக்கு அறைப் பக்கம் பஸ்ஸே கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிகிறது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஏற்கெனவே அறை எடுத்து முன்பணமும் கொடுத்துவிட்டவர்கள் மூன்றாவது படியைக் கோபப்படாமல் படித்துவிட்டு நான்காவதுக்குப் போகலாம்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

வகுப்பு அட்டவணை. இறுதி அட்டவணை வரவில்லை என்றால், போன ஆண்டின் அட்டவணையைச் சீனியர்களிடம் கேட்டு வாங்குங்கள். பாடங்கள் மாறினாலும், லேப் காலையிலா மாலையிலா, சனிக்கிழமை வகுப்பு உண்டா என்பதெல்லாம் அவ்வளவாக மாறுவதில்லை.

மாணவர் என்பதற்கான சான்று. சலுகைப் பாஸுக்கு அடையாள அட்டை கேட்பார்கள். அந்த அட்டையோ வகுப்பு தொடங்கிப் பல நாள் கழித்துத்தான் வரும். அதுவரை சேர்க்கைக் கடிதமோ கல்லூரி அலுவலகம் தரும் போனஃபைட் சான்றிதழோ செல்லுமா என்று பாஸ் கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் அளவுப் போட்டோ நாலைந்து பையில் இருக்கட்டும்.

அப்புறம் பவர் பேங்க், கொஞ்சம் சில்லறை, மடக்குக் குடை அல்லது மழைக்கோட்டு, நாள் முழுக்க நடக்கத் தாங்கும் செருப்போ ஷூவோ. பவர் பேங்க்கை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். வரைபடம், டிக்கெட், பணம், அவசர அழைப்பு எல்லாமே இப்போது ஒரே போனுக்குள் இருக்கின்றன. இரவில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அது அணைந்தால் நான்கும் ஒன்றாகப் போய்விடும். தங்கும் இடத்தின் முகவரியையும் இரண்டு தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

2. ஒரு வாரத்தின் பயணங்களை எழுதிப் பாருங்கள்

கல்லூரிக்குப் போவது, வருவது என்று மட்டும் எழுதினால் போதாது. நூலகத்தில் இரவு வரை உட்காருவது, பகுதி நேர வேலை, மளிகை, துணி துவைக்கும் இடம், மருத்துவமனை, ஊருக்குப் போகும் ரயில் நிலையம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்பக் கிளம்புவோம் என்று குறியுங்கள்.

எழுதியதும் இரண்டு பயணங்களை வட்டமிடுங்கள்: வாரத்திலேயே மிகச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய பயணம், மிகத் தாமதமாகத் திரும்பும் பயணம். அறை எங்கே, சைக்கிள் வேண்டுமா, டாக்ஸிக்குப் பணம் ஒதுக்க வேண்டுமா என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்யும். பகல் பதினொரு மணிக்கு எந்த ஊரிலும் எப்படியாவது போய்விடலாம். சிக்கல் எப்போதும் நாளின் இரு முனைகளில்தான்.

இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படிக்குப் போனால், “கல்லூரிக்குப் பக்கம்” என்ற ஒரே காரணத்துக்காக அறையைப் பிடித்துவிடுவோம். வேலை முடிந்து ராத்திரி பத்தரைக்கு அந்த அறைக்கு எப்படிப் போவது என்ற கேள்வி முதல் மாதச் சம்பளத்தோடு வந்து நிற்கும்.

3. அறை தேடும்போது தூரத்தைவிட இடைவெளியைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால், இதைப் படியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் அறை கல்லூரியிலிருந்து 3 கி.மீ. பஸ் 40 நிமிடத்துக்கு ஒன்று, பயணம் 10 நிமிடம். இரண்டாவது அறை 7 கி.மீ. பஸ் 8 நிமிடத்துக்கு ஒன்று, பயணம் 25 நிமிடம். விளம்பரத்தில் முதலாவதைக் “கல்லூரிக்கு மிக அருகில்” என்று போட்டிருப்பார்கள்.

அட்டவணை பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போனால், சராசரியாக இடைவெளியில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ஆக முதல் அறைக்கு 20-ம் 10-ம் சேர்ந்து 30 நிமிடம். இரண்டாவதற்கு 4-ம் 25-ம் சேர்ந்து 29 நிமிடம். நான்கு கி.மீ. தள்ளி இருந்தும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இனி, கண்ணெதிரே ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறைக்காரருக்கு 50 நிமிடம் ஆகும், இரண்டாவது அறைக்காரருக்கு 33. வருகைப் பதிவு எடுக்கும் வகுப்புக்கு நாம் சராசரியை நம்பிக் கிளம்ப முடியாது. மோசமான நாளை வைத்துத்தான் கிளம்ப வேண்டும்.

முதல் அறைக்காரர் அட்டவணையை மனப்பாடம் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் ஆசிரியர் வகுப்பைப் பத்து நிமிடம் நீட்டினால் முதல் அறைக்காரருடைய மாலையில் 40 நிமிடம் போய்விடும். வாழ்க்கை அந்த ஒரு பஸ்ஸைச் சுற்றியே ஓடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 3 கி.மீ.யை நடந்தே ஏறக்குறைய 36 நிமிடத்தில் கடந்துவிடலாம், சைக்கிளில் என்றால் 12 நிமிடம். சைக்கிள் மிதிக்கத் தயாராக இருப்பவருக்கு முதல் அறைதான் மேல். பஸ்ஸையே நம்பியிருப்பவருக்கு அது பொறி. எந்த அறை நல்லது என்ற கேள்விக்கு முன்னால், நீங்கள் எதில் போகப்போகிறீர்கள் என்ற கேள்வி வந்துவிட வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றையும் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் பஸ் உண்டா? பல வழிகளில் வாரநாள் அட்டவணையும் ஞாயிறு அட்டவணையும் அடையாளமே தெரியாத அளவு வேறாக இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வழித்தட எண்கள் அந்த நிறுத்தத்துக்கு வருகின்றனவா? ஒரே ஒரு வழித்தடம் என்றால், அது நின்றால் நீங்களும் நின்றீர்கள். நிறுத்தத்துக்கு நடை எவ்வளவு? 400, 500 மீட்டர் என்றால் ஐந்தாறு நிமிடம், பரவாயில்லை. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளக்காதீர்கள். நடுவில் ரயில் பாதையோ ஆறோ வேலி போட்ட நெடுஞ்சாலையோ இருந்தால் 300 மீட்டர் என்று தெரிவது ஒன்றரை கி.மீ. ஆகிவிடும்.

கல்லூரிக் குறியீட்டை வரைபடச் செயலி பெரும்பாலும் வளாகத்தின் நடுவில் வைத்திருக்கும். உங்கள் துறை எந்த வாசல் பக்கம், அந்த வாசல் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று கேளுங்கள். பெரிய வளாகத்தில் வாசலிலிருந்து வகுப்பறைக்கே கால் மணி நேரம் நடை இருக்கலாம்.

4. செயலியை நம்பும் முன் அதற்கு என்ன தெரியும் என்று பாருங்கள்

கூகுள் மேப்ஸ், மூவிட் போன்ற செயலிகள் காட்டும் பஸ் நேரம் இரண்டு வகை. ஒன்று, போக்குவரத்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணை நேரம். மற்றொன்று, வண்டியில் உள்ள ஜி.பி.எஸ். கருவி அனுப்பும் நிகழ்நேரத் தகவல். முதலாவது, பஸ் வர வேண்டிய நேரம். இரண்டாவதுதான் வரப்போகும் நேரம். நிகழ்நேரம் என்றால் செயலி அதை வேறு நிறத்திலோ, அலை போன்ற சிறு குறியோடோ, “தாமதம்” என்ற சொல்லோடோ காட்டும். அப்படி எதுவும் இல்லாமல் வெறும் மணி மட்டும் தெரிந்தால், சுவரில் ஒட்டிய பழைய அட்டவணையைப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

சோதிப்பது சுலபம். ஒரு மாலை நிறுத்தத்தில் நின்று, அடுத்து வரும் மூன்று நான்கு பஸ்களைச் செயலி சொன்ன நேரத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் வழித்தடத்தில் எவ்வளவு நம்பலாம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

செயலியில் “இப்போது கிளம்பினால்” என்பதற்குப் பதிலாக, “இத்தனை மணிக்குப் போய்ச் சேர” என்று போட்டுத் தேடுங்கள். ஞாயிறு மதியம் உட்கார்ந்து திங்கள் காலைப் பயணத்தைத் தேடுபவர்கள் நாளை மாற்ற மறந்துவிடுகிறார்கள். கிடைப்பது ஞாயிறு மதிய அட்டவணை. கூகுள் மேப்ஸில் அன்றைய கடைசி வண்டியைத் தேடும் வசதியும் உண்டு. அதைப் பத்தாவது படியான இரவுப் பயணத்தில் பயன்படுத்துவோம்.

நகரத்தின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சுரங்க ரயிலில் சிக்னல் போவது வழக்கம். இறக்கிய வரைபடத்தில் தெருக்கள் தெரியும், பஸ் நேரம் தெரியாது. அதனால் உங்கள் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

புதியவர்களைத் தடுமாற வைப்பவை இரண்டு. ஒன்று, எதிர்ப்பக்க நிறுத்தம். சாலையின் இரு பக்கமும் ஒரே பெயரில் நிறுத்தம் இருக்கும். தப்பான பக்கம் ஏறினால் இருபது நிமிடம் கழித்துத்தான் புரியும். பஸ் எண்ணைப் பார்த்த கையோடு கடைசி நிறுத்தத்தின் பெயரையும் படியுங்கள். இரண்டு, எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து. 12 என்பதும் 12ஏ என்பதும் பாதி தூரம் ஒன்றாகப் போய்ப் பிரியலாம், அல்லது ஒன்று நடுவழியிலேயே திரும்பிவிடலாம்.

5. வகுப்பு தொடங்கும் முன் ஒத்திகை

முதல் வகுப்புக்கு முந்தைய வாரநாள் ஒன்றில், அதே நேரத்தில், அறைக் கதவிலிருந்து வகுப்பறைக் கதவு வரை ஒருமுறை போய்வாருங்கள். விடுமுறை நாளில் போனால் பலனில்லை, சாலையும் காலி, பஸ்ஸும் காலி.

செயலி கணக்கில் எடுக்காத நேரங்களை ஒத்திகைதான் காட்டும். லிஃப்ட்டுக்குக் காத்திருப்பது, பெரிய சாலையைக் கடக்கச் சிக்னலில் நிற்பது, சுரங்க நிலையத்தின் படிகள், வாசலில் அட்டை காட்டும் வரிசை. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்தான். சேர்ந்தால் ஒரு பஸ் போய்விடும்.

திரும்பும் வழியை இருட்டியபின் ஒருமுறை பாருங்கள். பகலில் நன்றாக இருந்த குறுக்குப் பாதை இரவில் விளக்கே இல்லாமல் கிடக்கும். சரியென்று படாத பாதைக்கு மாற்றாக, கொஞ்சம் சுற்றினாலும் கடைகளும் ஆட்களும் உள்ள பாதையை அன்றே தேர்ந்துவிடுங்கள்.

எவ்வளவு முன்னதாகக் கிளம்புவது? நிமிடக் கணக்கு போடாமல் வண்டிக் கணக்கு போடுங்கள். வகுப்புக்கு, சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிக்கு ஒன்று முந்தையதில் ஏறுங்கள். தேர்வு, நேர்காணல் என்றால் இரண்டு முந்தையது. பத்து நிமிடம் முன்னால் கிளம்பினேன் என்பதற்கு, 40 நிமிட இடைவெளி உள்ள தடத்தில் அர்த்தமே இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயன்படும். அடிக்கடி ஓடும் தடங்களில் பஸ் நெடுநேரம் வராமல் இருந்து, அப்புறம் இரண்டு சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகும் பஸ் கொஞ்சம் தாமதமானால் நிறுத்தங்களில் கூட்டம் சேர்ந்துவிடும், அத்தனை பேரும் ஏறி இறங்க இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸில் ஏற ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். ஆகவே நெடுநேர இடைவெளிக்குப் பின் ஒரு பஸ் பிதுங்கி வந்தால், தொங்கிக்கொண்டு ஏறும் முன் அதன் பின்னால் எட்டிப் பாருங்கள், அல்லது செயலியைப் பாருங்கள். அடுத்தது பாதி காலியாகப் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

6. மாறி ஏறும் பயணங்கள்

இரண்டு வண்டி மாற வேண்டுமென்றால், முதலில் இடைவெளி அதிகமுள்ளதில் ஏறி, பின்பு அடிக்கடி வருவதற்கு மாறும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வரும் பஸ்ஸுக்கு அறையிலிருந்தே நேரம் பார்த்துக் கிளம்பலாம். இறங்கியபின் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை வரும் மெட்ரோவுக்கு நேரம் பார்க்கவே வேண்டாம்.

மாலையில் இது தலைகீழாகும். மெட்ரோவில் வந்து இறங்கி, அரை மணி பஸ்ஸுக்குத் தெருவில் நிற்க வேண்டும். இதற்கு மருந்து, பின்னாலிருந்து கணக்குப் போடுவது. அந்த அரை மணி பஸ் எப்போது வரும் என்று பார்த்து, அதற்கேற்ப வளாகத்தை விட்டுக் கிளம்புங்கள். காத்திருக்கும் நேரத்தை நூலகத்தில் கழிக்கலாம். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ஓடுகிறார்களே என்று கூடவே ஓடினால், அந்த அரை மணியைச் சாலையோரத்தில்தான் கழிக்க வேண்டியிருக்கும்.

மாறும் இடம் எது என்பதிலும் தேர்வு இருக்கும். ஐந்து நிமிடம் கூடுதலானாலும் கூரையும் வெளிச்சமும் உள்ள இடமே மேல். ரயில் என்றால், இறங்கும் நிலையத்தில் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு நேரே வருகிறது என்று பார்த்துவைத்து, மறுநாள் அந்தப் பெட்டியில் ஏறுங்கள். மாறும் நேரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் மிச்சமாகும், அது சில நாள் ஒரு வண்டியையே பிடித்துத் தரும்.

7. பாஸ் வாங்குவதற்கு முன் ஒரு வகுத்தல்

பாஸின் விலையை ஒரு தனி டிக்கெட்டின் விலையால் வகுங்கள். 40 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 40 முறைக்கு மேல் ஏறினால்தான் பாஸ் லாபம். வாரம் நான்கு நாள் கல்லூரி, நாளைக்கு இரண்டு பயணம், நான்கு வாரம் என்றால் 32. பாஸ் நஷ்டம். இதோடு சனிக்கிழமை வேலையும் ஞாயிறு கடைக்குப் போவதும் சேர்ந்து வாரத்துக்கு நான்கு பயணம் கூடினால் 48. இப்போது லாபம். இரண்டாவது படியில் எழுதிய தாள் இங்கே கைகொடுக்கும்.

செமஸ்டர் பாஸில் தள்ளுபடி அதிகம் இருக்கும். அதற்குள் வரும் விடுமுறைகள், படிப்பு விடுப்பு, ஊருக்குப் போகும் வாரங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். என் யோசனை, முதல் இரண்டு வாரம் தனி டிக்கெட்டிலோ ரீசார்ஜ் செய்யும் கார்டிலோ ஓட்டிவிட்டு, வழித்தடம் நிலைத்தபின் பாஸ் எடுப்பது. ஆரம்பத்தில் வழி மாறிக்கொண்டே இருக்கும், மாணவர் பாஸ் சில இடங்களில் குறிப்பிட்ட தடத்துக்கு மட்டுமே செல்லும்.

கவுண்டரில் கேட்க வேண்டியவை: பாஸ் எந்தப் பகுதி வரை செல்லும், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்தா, வாரக் கடைசியிலும் செல்லுமா, தொலைந்தால் மாற்று உண்டா, ஒரே டிக்கெட்டில் வண்டி மாற எவ்வளவு நேரம் அனுமதி.

சில நகரங்களில் கட்டண உச்சவரம்பு இருக்கிறது. லண்டன் அப்படித்தான். ஒரு நாளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் எத்தனை முறை பயணம் செய்தாலும் எடுக்கமாட்டார்கள். அங்கெல்லாம் பாஸ் அவசியமா என்று யோசிக்கலாம். ஆனால் நாள் முழுக்கக் கட்டணக் கருவியில் ஒரே கார்டைத் தட்ட வேண்டும். காலையில் வங்கிக் கார்டு, மாலையில் அதே கார்டைச் சேமித்த போன் என்று தட்டினால் இரண்டும் வேறு வேறாகக் கணக்காகிவிடும். ரயிலில் இறங்கும்போது தட்ட மறந்தால், அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துவிடும் அமைப்புகளும் உண்டு.

மாணவர் பாஸ் கையில் இருந்து, அடையாள அட்டை அறையில் இருந்தால், பரிசோதகர் கண்ணில் நீங்கள் டிக்கெட் இல்லாதவர்தான். இரண்டையும் ஒரே உறையில் போட்டுவிடுங்கள்.

8. நடை

நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர். ஒரு கி.மீ.க்கு 12 நிமிடம். ஒன்றரை கி.மீ.க்கு உட்பட்ட தூரத்துக்கு, பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறி இறங்குவதைவிட நடை பெரும்பாலும் தோற்பதில்லை. கூட்டமான நிறுத்தத்திலிருந்து ஒரு நிறுத்தம் பின்னோக்கி நடந்துபோய் ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

9. சைக்கிள்

சைக்கிளின் பெரிய லாபம் வேகம் இல்லை, மாறாத நேரம்தான். நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 கி.மீ.க்கு இருபது நிமிடம். இறங்கிப் பூட்டும் நேரத்தைச் சேர்த்தாலும் இருபத்தைந்துக்குள் முடிந்துவிடும். கடைசி வண்டி எது என்ற கவலையும் இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரே கேள்வி: ராத்திரி அது எங்கே நிற்கும்? மூன்றாவது மாடிக்குத் தூக்க வேண்டும் என்றால் கனமான சைக்கிள் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும், ஏனென்றால் நீங்கள் தூக்கமாட்டீர்கள். வாடகை சைக்கிள் உள்ள நகரமானால், அதில் சில வாரம் ஓட்டிப் பார்த்து வழி பழகியபின் வாங்குங்கள். வாடகை சைக்கிளை நிலையத்தில் திருப்பி வைக்கும்போது, பூட்டு விழுந்ததற்கான விளக்கோ செயலியில் செய்தியோ வரும்வரை நகரக் கூடாது. சரியாகப் பூட்டாமல் போனால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் போகும் இடத்தில் காலி இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காலையில் கல்லூரி நிலையம் நிரம்பி வழியும்.

பழைய சைக்கிள் வாங்கினால், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள், கோணல் இருந்தால் பிரேக்கில் உரசும். இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துத் தள்ளிப் பாருங்கள். ஃப்ரேமில் பொறித்த எண் சுரண்டப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள், திருட்டு வண்டியாக இருக்கலாம். சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்க வேண்டும். சீட் தாழ்வாக இருப்பதால்தான் பலருக்கு முட்டி வலிக்கிறது. சைக்கிளைக் குறை சொல்கிறார்கள்.

பூட்டுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய கம்பிப் பூட்டைச் சின்னக் கட்டர் வெட்டிவிடும். கெட்டியான யு வடிவப் பூட்டு வாங்குங்கள். பூட்டும் முறையும் முக்கியம்: ஃப்ரேமின் பின்பக்கம், முக்கோணமாக இருக்கும் பகுதியின் உள்ளே சக்கரத்தின் விளிம்பும் வரும் இடத்தில் பூட்டை நுழைத்து, அசையாத கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். ஃப்ரேம், பின்சக்கரம், கம்பம் மூன்றும் ஒரே வளையத்துக்குள் வந்துவிடும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால், மாலையில் அந்தச் சக்கரம் மட்டும் உங்களுக்காகக் காத்திருக்கும். கம்பத்தையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். மேல்முனையில் தடுப்பு எதுவும் இல்லாத குட்டைக் கம்பத்திலிருந்து சைக்கிளைப் பூட்டோடு உருவி எடுத்துவிடலாம்.

டயர் காற்றழுத்த அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். வாரம் ஒருமுறை காற்றடித்தால் பஞ்சர் குறையும், மிதிப்பதும் லேசாகும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. ஹெல்மெட் தலையில் ஆடாமல், நெற்றியை மறைத்தபடி உட்கார வேண்டும். பையை முதுகில் சுமக்காமல் கேரியரில் கட்டுங்கள், வியர்வையும் குறையும், சமநிலையும் வரும்.

சாலையில் மூன்று ஆபத்துகளை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திடீரெனத் திறக்கும், அதனால் ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளியே ஓட்டுங்கள். லாரியோ பஸ்ஸோ சந்திப்பில் திரும்ப நிற்கும்போது அதற்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே நுழையாதீர்கள். அது திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்வாங்கி வரும், டிரைவருக்கு அந்தப் பக்கம் தெரியவும் தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது மழை: சாலையில் போட்ட வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, டிராம் தண்டவாளம் எல்லாம் வழுக்கும். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் கூடியவரை குறுக்காகக் கடந்துவிடுங்கள், டயர் இடுக்கில் சிக்காது.

மின் ஸ்கூட்டர், மின் சைக்கிள் வாங்குபவர்கள் லைசென்ஸ், நடைபாதை விதிகளை உங்கள் நகரத்தில் விசாரித்துவிடுங்கள். ஹாஸ்டல் அறையின் வாசலருகே சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வெளியேறும் வழியையே அடைத்துவிடும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டவும் வேண்டாம்.

10. இரவுப் பயணம்

ஒவ்வொரு இரவு நிகழ்ச்சிக்கும், போகும் வழியைத் தேடும் முன் திரும்பும் வழியைத் தேடுங்கள். கடைசி வண்டி எப்போது என்று பார்த்து, அதற்கு முந்தையதைத்தான் உங்கள் கடைசி வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையின் கடைசி வண்டி ரத்தானால் அதற்கு அடுத்து எதுவும் இல்லை. மாறி ஏற வேண்டிய பயணத்தில், இரண்டாவது வண்டியின் கடைசி நேரம்தான் கணக்கு. முதலாவது நள்ளிரவு வரை ஓடுவதால் என்ன பயன்?

பகல் தடங்கள் நின்றபின் தனி இரவுப் பஸ்கள் ஓடும் நகரங்களில், அவற்றின் எண்ணும் நிறுத்தமும் வேறாக இருக்கலாம். தேவைப்படும் ராத்திரி தேடாமல் முன்பே ஒருமுறை பார்த்துவையுங்கள்.

அறைக்கு ஒருமுறை டாக்ஸியில் போகும் தொகையை எப்போதும் தனியே வைத்திருங்கள், மாதக் கடைசியிலும்தான். அந்தப் பணம் இல்லாதபோதுதான், அறிமுகமில்லாதவர் வண்டியில் ஏறுவதும் இருட்டில் ஐந்து கி.மீ. நடப்பதும் நியாயமான யோசனையாகத் தோன்றத் தொடங்கும். செயலி வழி டாக்ஸி என்றால், வண்டி எண்ணைச் சரிபார்த்து, “யாருக்காக வந்தீர்கள்?” என்று டிரைவரையே பெயர் சொல்லவிடுங்கள். நீங்களாகப் பெயரைச் சொல்லாதீர்கள். பின்சீட்டில் உட்கார்ந்து, பயண விவரத்தை நண்பருக்குப் பகிருங்கள். அந்த நண்பர் விழித்திருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்!

11. சுமை, சாமான், இடம் மாறுதல்

மாதத்துக்கு ஒரே முறை பெரிதாக வாங்குவது கார் வைத்திருப்பவர்களின் பழக்கம். கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் வாரம் இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் தனிப் பயணமே தேவையில்லை. அரிசி, எண்ணெய், சோப்புத்தூள் போன்ற கனமானவற்றை மட்டும் அறைத் தோழர்களோடு சேர்ந்து வீட்டுக்கே வரவழையுங்கள், டெலிவரி கட்டணம் பங்காகிவிடும். சக்கரம் வைத்த இழுக்கும் பை ஒன்று இருந்தால் முதுகு நன்றி சொல்லும். அதை எடுத்துக்கொண்டு காலை நெரிசலில் மட்டும் ஏறாதீர்கள்.

அறை மாறும்போது பஸ்ஸில் ஐந்து நடை அடிப்பதைவிட, ஆளோடு ஒரு சின்ன வேன் அமர்த்துவது நேரத்திலும் அலைச்சலிலும் லாபம். நாமே ஓட்டும் வாடகைக் கார் என்றால் வயது வரம்பை முதலில் பாருங்கள். லைசென்ஸ் இருந்தாலும், இளம் வயதினருக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை, அல்லது கூடுதல் கட்டணம் கேட்கும்.

12. வண்டி ஓடாத நாளும் தேர்வு நாளும்

மழை, வேலைநிறுத்தம், ரயில் பாதைப் பழுது எல்லாம் வருடத்தில் சில நாள் வரத்தான் செய்யும். உங்கள் தடத்தின் அறிவிப்புகள் போனுக்கு வரும்படி செய்துவையுங்கள். மாற்று வழி ஒன்றையாவது ஒருமுறை நிஜமாகவே போய்ப் பாருங்கள். மாற்று வழியும் அதே ரயில் பாதையையோ அதே பாலத்தையோ நம்பியிருந்தால் அது மாற்று ஆகாது.

தேர்வுக்கு முந்தைய இரவே மறுநாள் அறிவிப்புகளைப் பாருங்கள். தேர்வு மையம் வேறு இடத்தில் என்றால் ஐந்தாவது படியின் ஒத்திகையை அந்த இடத்துக்கும் செய்யுங்கள். கல்லூரிப் பக்கமே தங்கும் நண்பர் ஒருவர் இருந்தால், வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்ட இரவில் அவர் அறையில் படுத்துக்கொள்வதுதான் மிகவும் மலிவான வழி. கேட்கும்போது பாயையும் தலையணையையும் நீங்களே கொண்டுவருவதாகச் சொல்லிவிடுங்கள்.

13. செமஸ்டர் மாறும்போது

புது அட்டவணை வந்ததும் இரண்டாவது படித் தாளை மறுபடி எழுதுங்கள். வட்டமிட்ட இரண்டு பயணங்கள் மாறியிருந்தால் பாஸ் கணக்கையும் மறுபடி போட வேண்டும். பழைய பாஸ் தானாகவே புதுப்பிக்கும்படி வைத்திருந்தால், விடுமுறை தொடங்கும் முன்பே அதை நிறுத்துங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டுதான் இருக்கும்.